வளையும் வானமும்: ஒரு பாலைவன எலியும் ஒரு பாடும் பறவையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலங்கு உடலியலைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். அந்தத் துறை முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் அடக்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. எனவே இரண்டே உயிர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மெரியம் கங்காரு எலி. மற்றொன்று அமெரிக்கக் கள்ளிக் குருவி. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை, நாற்பது கிராம் அளவில் இருக்கும். இரண்டும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் பரந்து கிடக்கும் பாலைநிலங்களில் வாழ்பவை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் பிழைத்திருக்கத் தெரிந்தவை இரண்டும். ஒரே மண்ணில், ஒரே எடையில், ஒரே பஞ்சத்தை இரண்டு வழிகளில் எதிர்கொள்ளும் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பாலையில் வாழ்வது என்றால் உண்மையில் என்ன என்பது தெளிவாகும் என்று நம்புகிறேன்.

முதலில் எலி. பெயரில் கங்காரு இருந்தாலும் அதற்கும் கங்காருவுக்கும் உறவு கிடையாது. நம் வீட்டு எலியோடும் நெருங்கிய உறவில்லை. நீண்ட பின்னங்கால்களால் தத்தித் தத்தி ஓடும். உடலைவிட நீளமான வாலின் நுனியில் ஒரு மயிர்க்குஞ்சம் இருக்கும், திடீரென்று திசை மாற்றிப் பாயும்போது சமநிலை தருவது அதுதான். கன்னங்களின் வெளிப்புறத்தில் மயிர் படர்ந்த இரண்டு பைகள் உண்டு. பொறுக்கிய விதைகளை அவற்றில் அடைத்துக்கொண்டு வளைக்குத் திரும்பும். பைகள் வாய்க்கு வெளியே இருப்பதால் விதையைச் சுமக்கும்போது எச்சில் செலவாவதில்லை. இந்தச் சிறு விவரத்தைக் கவனியுங்கள், இந்த விலங்கின் உடம்பு முழுவதும் இதே சிக்கனம்தான். சகாராவிலும் கோபியிலும் ஜெர்போவா, ஆஸ்திரேலியாவில் தத்தும் சுண்டெலி என்று, வேறு வேறு குடும்பங்களில் பிறந்த எலிகள் பாலைநிலத்துக்கு வந்தபின் இதே உருவத்தை அடைந்திருக்கின்றன.

அடுத்து குருவி. அரிசோனா மாநிலம் 1931ஆம் ஆண்டு இதைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. பாடும் பறவைகள் என்னும் பெரும் பிரிவைச் சேர்ந்ததுதான், ஆனால் இனிமையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே. கரகரவென்று ஒரே தாளத்தில் இழுக்கும் குரல். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவக் கோடு, மார்பில் கறுப்புப் புள்ளிகள். சோய்யா என்னும் முட்கள்ளியின் நடுவே, பக்கவாட்டில் வாயில் வைத்து, பந்துபோலக் கூடு கட்டும். எதிரிகள் நெருங்கத் தயங்கும் முட்காடு அது. குஞ்சு பொரிப்பதற்கு மட்டுமின்றி, ஆண்டு முழுவதும் இரவில் தூங்குவதற்கும் கூடு கட்டிக்கொள்ளும் பறவை. பூச்சிகளே முக்கிய உணவு. தேவையான நீரில் பெரும்பகுதி பூச்சியின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பாலைவனம் ஆண்டுக்கு ஆண்டு சூடாகிக்கொண்டே போகிறது என்றால், இந்த இரண்டில் எது தப்பும்? சிறகுள்ளதுதான் தப்பும் என்று சொல்லத் தோன்றும். மழை பெய்த இடத்துக்கு அது பறந்து போகலாம், மலைமேல் குளிர்ச்சிக்கு ஏறலாம். எலியோ பிறந்த வளையிலிருந்து சில நூறு மீட்டர் சுற்றளவுக்குள்ளேயே வாழ்ந்து முடிப்பது. ஆனால் கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் விரிந்திருக்கும் மொஹாவி பாலைவனத்தில் ஒரு நூற்றாண்டுக் கணக்கு எடுத்துப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. அதற்குப் போவதற்கு முன் இவற்றின் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

கங்காரு எலி தண்ணீர் குடிப்பதில்லை என்பது பழைய செய்தி. எப்படிக் குடிக்காமல் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் நட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும். கணவர் நார்வேக்காரர். மனைவி டென்மார்க்கில் பிறந்தவர், 1920இல் நோபல் பரிசு பெற்ற உடலியலாளர் ஆகஸ்ட் குரோவின் மகள். 1940களின் பிற்பகுதியில் இருவரும் அரிசோனாவின் டூசான் நகருக்கு அருகே தங்கி இந்த எலிகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் செய்தது ஒரு வரவு செலவுக் கணக்கு. வீட்டுக் கணக்கைப்போலவே எளிது, ஒவ்வொரு வரியையும் அளந்துதான் எழுத வேண்டும் என்பதே கடினம்.

எலிக்கு 100 கிராம் உலர்ந்த வாற்கோதுமை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உடல் எரிக்கும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து எரிந்தால் ஏறத்தாழ 0.56 கிராம் நீர் பிறக்கும். இவ்வாறு அந்த 100 கிராமிலிருந்து கிடைப்பது 54 கிராம் நீர். வறண்ட காற்றிலும் விதை சிறிது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது 6 கிராம். மொத்த வரவு 60. செலவில் சிறுநீருக்கு 13.5, புழுக்கைக்கு 2.6, மூச்சிலும் தோலிலும் ஆவியாவது ஏறத்தாழ 44. மொத்தச் செலவும் 60. குடிநீர் என்ற வரியே இல்லாமல் கணக்கு நேராகிவிடுகிறது.

கொழுப்பை எரித்தால் இன்னும் அதிக நீர் வருமே, ஒரு கிராமுக்கு ஒரு கிராமுக்கும் மேலே கிடைக்குமே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கொழுப்பை எரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும், அதற்காக அதிகம் மூச்சு வாங்க வேண்டும், அந்த மூச்சிலேயே நீர் போய்விடும். ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறது என்ற கதை நிற்காததற்கும் இதுவே காரணம். நட் ஷ்மிட்-நீல்சன் பிற்பாடு சகாராவுக்கே போய் ஒட்டகங்களையும் ஆராய்ந்தார்.

செலவுப் பக்கத்தைச் சுருக்கியதில்தான் எலியின் திறமை இருக்கிறது. அதன் சிறுநீரகம் சிறுநீரை நம்முடையதைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தியாக்கக்கூடியது, இரத்தத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 14 மடங்கு. கடல்நீரைக் குடித்தால் நாம் வறண்டு சாவோம், ஏனென்றால் அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிக நீர் நமக்குச் செலவாகும். ஷ்மிட்-நீல்சன் தம்பதியர் எலிகளுக்கு உலர்ந்த சோயா மொச்சை மட்டும் கொடுத்தார்கள். அதில் புரதம் அதிகம், புரதம் எரிந்தால் யூரியா, யூரியாவை வெளியேற்ற நீர். தண்ணீர் இல்லாமல் எலிகள் தாங்கவில்லை. பிறகு குடிக்கக் கடல்நீரையே வைத்தார்கள். எலிகள் அதைக் குடித்துப் பிழைத்துக்கொண்டன. ஒரு சிறுநீரகத்தின் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்தது மூக்கு. ஆவியாகும் 44 கிராமில் பெரும்பகுதி மூச்சு வழியே போகிறது, எனவே சிக்கனம் அங்கேதான் தேவை. நுரையீரலிலிருந்து வரும் காற்று உடல் வெப்பத்தில், 38 பாகை செல்சியஸ் அளவில், ஈரம் நிறைந்து வரும். அந்த வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று 46 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகைக்குக் குளிர்ந்தால் 23 மில்லிகிராம்தான் தாங்கும். மீதி நீராகப் படிந்துவிடும். இட்லிப் பானையின் மூடி உட்புறம் வியர்ப்பதுபோல, கங்காரு எலியின் மூக்குத் துவாரங்களின் உட்சுவரில் மூச்சுக்காற்றின் ஈரம் படிகிறது. உள்ளே இழுக்கும் வறண்ட காற்று அந்தச் சுவரிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது சுவர் குளிர்கிறது. திரும்பி வரும் வெப்பக்காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் ஈரத்தை விட்டுவிட்டுப் போகிறது. இழுத்த காற்றைவிடக் குளிர்ந்த காற்றை வெளியே விடுவதுகூட இதனால் சாத்தியம். ஜாக்சனும் நட் ஷ்மிட்-நீல்சனும் 1964இல் இதை அளந்து எழுதினார்கள்.

நமது இரண்டு உயிர்களும் ஒரே ஆய்வுக்கூடத்தில் சந்தித்ததும் இந்த மூக்கின் பொருட்டுத்தான். 1970இல் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய உடனாய்வாளர்கள் ஹெய்ன்ஸ்வர்த், முர்ரிஷ் ஆகியோரும் கங்காரு எலியையும் கள்ளிக் குருவியையும் அடுத்தடுத்து வைத்து மூச்சுக்காற்றின் வெப்பத்தை அளந்தார்கள். குருவியின் மூக்கும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் எலி அளவுக்குக் குளிர்விக்க முடியவில்லை. எலியின் மூக்குப் பாதை நெருக்கமானது, காற்று சுவரை ஒட்டியே போகிறது. குருவியின் மூக்குப் பாதை குட்டையானது, அகலமானது.

இதைக் கேட்டுவிட்டுப் பறவையின் உடம்பு தாழ்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். புரதத்தின் கழிவை எலி யூரியாவாக வெளியேற்றுகிறது, அது நீரில் கரையும், அதைக் கொண்டுபோக நீர் வேண்டும். பறவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. அது கரையாமல் வெள்ளைக் களிம்பாகப் படிந்து போகிறது, மிகக் குறைந்த நீரே போதும். புரதம் எரியும்போது பிறக்கும் நீரும் பறவைக்கு அதிகம். எலிக்கு ஒரு கிராம் புரதத்துக்கு 0.39 கிராம், பறவைக்கு 0.50. பூச்சி தின்னும் பறவைக்கு இது சிறிய லாபமில்லை. சிறுநீரகத்தின் அடர்த்தியில் மட்டும் பறவை பின்தங்குகிறது. பெரும்பாலான பறவைகளின் சிறுநீர் இரத்தத்தைப்போல இரண்டு மடங்கு அளவே அடர்த்தியாகும். கலிபோர்னியக் கடலோர உப்புச் சதுப்பில் வாழும் ஒரு சவானாக் குருவி இனம் மட்டும் நான்கு மடங்கைத் தாண்டுவதைப் பவுல்சனும் பார்த்தலோமியுவும் 1962இல் காட்டினார்கள். பாடும் பறவைகளில் வியப்புக்குரிய விதிவிலக்கு அது.

பறவைக்கு இன்னொரு பலமும் உண்டு. அதன் இயல்பான உடல் வெப்பம் 41 பாகை. கோடையில் 44, 45 வரை ஏறவிட்டும் தாங்கிக்கொள்ளும். காற்று 42 பாகையில் இருக்கும்போது நம் உடம்பு உள்வாங்கும் வெப்பத்தை அது உள்வாங்குவதில்லை, அதனுடைய உடம்பே அதைவிடச் சூடாக இருக்கிறதல்லவா. வியர்க்காமல், மூச்சிரைக்காமல் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் 46, 47 பாகையில் சாவு காத்திருக்கிறது. அந்த இடைவெளி மிகச் சிறியது. காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் பறவைக்குக் குளிர்ச்சி தர ஒரே வழி நீரை ஆவியாக்குவது. வாயைத் திறந்து மூச்சிரைக்க வேண்டும். அப்போது மூக்கு சேமித்துத் தந்த நீர் எல்லாம் திறந்த வாய் வழியே போய்விடும்.

ரிக்லெஃப்ஸும் ஹெய்ன்ஸ்வர்த்தும் டூசான் பக்கத்தில் கள்ளிக் குருவிகளைக் கூர்ந்து கவனித்து 1968இல் எழுதிய ஆய்வில் இந்த நெருக்கடி நன்றாகத் தெரிகிறது. வெப்பம் 35 பாகையைத் தாண்டும்போது குருவி வெயிலில் இரை தேடுவதைக் குறைத்து நிழலுக்குள் ஒதுங்குகிறது. நிழலுக்குள் இரை குறைவு. அதே நேரத்தில் கூட்டுக்குள் குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருக்கின்றன. அந்தக் குஞ்சுகளுக்கும் தாயும் தந்தையும் கொண்டுவரும் பூச்சியைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. கூட்டின் வாயிலையும் குருவி யோசனை இல்லாமல் வைப்பதில்லை. வசந்தத்தின் குளிர்நாட்களில் கட்டும் கூடு காற்றுக்கு முதுகு காட்டும். வெயில் ஏறியபின் கட்டும் கூடு காற்று வரும் திசையை நோக்கி வாயைத் திறந்திருக்கும். இவ்வளவு நுட்பமான அறிவு இவ்வளவு சிறிய உயிருக்குள் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வருகின்றன.

எலி அந்த நேரத்தில் எங்கே? மண்ணுக்குள். பகல் முழுவதும் வளைக்குள் கிடக்கிறது. இரவில்தான் வெளியே வரும், அதுவும் கொஞ்ச நேரம்தான். மண்ணின் மேற்பரப்பு நண்பகலில் 60 பாகையையும் தாண்டிக் கொதிக்கும். சில அடி ஆழத்தில் அந்தக் கொதிப்பு இல்லை. வளைக்குள் எலியின் மூச்சின் ஈரமே தேங்கி நிற்பதால் காற்று வெளியே இருப்பதைவிட ஈரமானது, சேமித்த விதைகள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், எலி விதையைத் தின்னும்போது இழந்த நீரில் ஒரு பங்கு திரும்பி வரும்.

இனி அந்த நூற்றாண்டுக் கணக்கு. அதைச் சொல்லும்போது ஒரு பெண்மணியின் பெயரோடு தொடங்குவது இந்த மேடைக்குப் பொருத்தம். ஹவாயில் சர்க்கரைத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர் ஆனி மான்டேகு அலெக்சாண்டர். 1908இல் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தார். பணம் கொடுத்ததோடு நிற்காமல் தாமே பாலைகளுக்குப் போய்க் கூடாரமடித்து மாதிரிகளும் சேகரித்தார். அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக அவர் தேர்ந்தெடுத்தவர் ஜோசப் கிரின்னல். 1939இல் இறக்கும்வரை கிரின்னல் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கிரின்னல் தம் குழுவினருக்குக் கற்றுக்கொடுத்தது, எங்கே போனாலும் பார்த்ததையெல்லாம் அன்றன்றே எழுதுவது. எத்தனை பறவை, எத்தனை எலி, எந்தச் செடி, எந்தப் பாதை, என்ன வானிலை, கண்ணி வைத்த இடம் எது, கண்ணியில் விழாதது எது. தாங்கள் சேர்க்கும் இந்தக் குறிப்புகளின் முழுப் பயன் பல ஆண்டுகள் கழித்து, ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியும் என்று அவர் 1910இலேயே எழுதினார். தாம் காணப்போகாத ஒரு பயனுக்காக மனிதர் உழைப்பதில் இருக்கும் பெருமையை அறக்கட்டளை ஒன்றை நடத்துபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நூற்றாண்டு முடிந்தபின் பெர்க்லியின் ஆய்வாளர்கள் அதே குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போனார்கள். மரணப் பள்ளத்தாக்கு, ஜோஷுவா மரத் தேசியப் பூங்கா, மொஹாவி தேசியக் காப்பிடம் போன்ற, சட்டப் பாதுகாப்பில் உள்ள நிலங்கள் அவை. அங்கே மரம் வெட்டவில்லை, வீடு கட்டவில்லை, உழவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு எதன்மீதும் பழி போட இடமில்லாத நிலம் அது. மாறியது வானிலை மட்டும். வெப்பம் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 2 பாகை கூடியிருந்தது, மழையும் குறைந்திருந்தது. அந்த மரணப் பள்ளத்தாக்கில்தான் 1913 ஜூலை 10ஆம் நாள் 56.7 பாகை வெப்பம் பதிவானது.

கெல்லி இக்னயனும் ஸ்டீவன் பைசிங்கரும் 61 இடங்களில் பறவைகளை மீண்டும் எண்ணி 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வோர் இடமும் சராசரியாகத் தன் பறவை இனங்களில் 43 விழுக்காட்டை இழந்திருந்தது. அங்கே கூடுகட்டும் 135 இனங்களில் 39 இனங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. கூடிய இனம் ஒன்றே ஒன்று, அண்டங்காக்கை. மனிதர் போடும் குப்பையும் சாலையில் அடிபட்ட விலங்குகளும் அதற்கு உணவு. நீரூற்றோ குட்டையோ உள்ள இடங்கள் சற்றுக் குறைவாக இழந்திருந்தன. கிரின்னல் நடந்த பாதையில் இன்று நடப்பவர் அவர் கேட்ட குரல்களில் பாதியைத்தான் கேட்பார்.

எரிக் ரிடெல் முதலியோர் இதற்குக் காரணம் தேடினார்கள். அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் ஒரு நூற்றாண்டாகக் கிடந்த பறவைத் தோல்களை எடுத்து, இறகின் தடிமனும் ஒளியைத் திருப்பும் அளவும் அளந்து, ஒவ்வோர் இனமும் அந்த வெயிலில் எவ்வளவு வெப்பத்தை வாங்கும், அதைத் தணிக்க எவ்வளவு நீர் செலவாகும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். 2019இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, உடலைக் குளிர்விக்கப் பறவைகளுக்குத் தேவையான நீர் 10 முதல் 30 விழுக்காடு வரை கூடியிருந்தது. குளிர்விப்புச் செலவு எந்த இனங்களுக்கு அதிகம் கூடியதோ அவையே அதிகம் குறைந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. பூச்சியையும் பிற விலங்குகளையும் தின்று அவற்றின் உடல்நீரால் வாழும் பறவைகளே அதிகம் அடிபட்டன. கள்ளிக் குருவி வாழும் முறை அதுதான். அதற்குக் கூடுதல் நீர் வேண்டுமென்றால் கூடுதல் பூச்சி பிடிக்க வேண்டும். பிடிக்க வெயிலில் அலைய வேண்டும். அலைந்தால் இன்னும் நீர் செலவாகும். குளத்துக்குப் போகத் தேவையில்லை என்ற பழைய சுதந்திரமே இன்று பறவையை மாட்டிவைத்திருக்கிறது.

பிறகு அதே குழுவினர், எலிகளையும் அணில்களையும் நேரில் எண்ணித் திரும்பியவர்களோடு சேர்ந்து, 2021இல் பறவையையும் பாலூட்டியையும் ஒரே கட்டுரையில் ஒப்பிட்டார்கள். இந்த உரைக்கு அடித்தளம் அந்தக் கட்டுரையே. அதே மொஹாவி, அதே நூற்றாண்டு, அதே வெப்ப உயர்வு. பறவைக் கூட்டம் சரிந்திருந்தது. சிறு பாலூட்டிகளின் கூட்டம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. குளிர்விப்புச் செலவின் உயர்வு பறவைகளுக்குப் பாலூட்டிகளைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே நிலத்தில் ஒரே வானிலை என்று நாம் நினைத்தோம். உண்மையில் அவை வாழ்ந்தது இரண்டு வானிலைகளில். வானிலை நிலையத்தின் வெப்பமானி காட்டும் எண்ணைப் பறவை முழுமையாக அனுபவிக்கிறது. எலிக்கு அந்த எண் மண்ணின் வழியே வடிகட்டி வருகிறது.

உடலியலாளர்களாகிய நாங்கள் தலைமுறை தலைமுறையாக சிறுநீரகத்தையும் மூக்கையும் வியந்து பேசியிருக்கிறோம். வியக்கத்தக்கவைதாம். ஆனால் எலியைக் காப்பாற்றியது முதன்மையாக அதன் சிறுநீரகம் என்று சொல்ல முடியாது. இருந்த இடம் காப்பாற்றியது. சிறுநீரகம் குறைந்த நீரில் வாழ வழிசெய்தது, வெயிலிலிருந்து விலக்கியது வளை. எத்தனை கெட்டிக்கார மூக்காக இருந்தாலும், கங்காரு எலியை ஜூலை மாத நண்பகலில் வெயிலில் விட்டால் விரைவில் செத்துவிடும். உடலைக் குளிர்விக்கச் செலவிட அதனிடம் தண்ணீரே இல்லை. காலநிலை மாற்றம் எந்த உயிரை எவ்வளவு பாதிக்கும் என்று வரைபடத்தில் வெப்பக்கோடு போட்டுச் சொல்லிவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த உயிர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் போடும் கோடு பயன்படாது என்பதே என் துணிபு.

வெப்பம் பறவையைக் கொல்லும் விதம் இரண்டு. நான் இதுவரை சொன்னது மெல்லக் கரைக்கும் விதம், ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கூடுதல் நீர், கொஞ்சம் குறைவான குஞ்சுகள். மற்றது ஒரே பிற்பகலில் நடப்பது. 2009 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 45 பாகையைத் தாண்டிய வெப்ப அலையில் பட்ஜரிகர் கிளிகளும் வரிக்குதிரைச் சில்லைகளும் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அமெரிக்காவின் பாலைகளுக்கு இத்தகைய ஆபத்து எவ்வளவு என்று 2017இல் ஆல்பிரைட் முதலியோர் ஐந்து பாடும் பறவைகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். அந்த ஐந்தில் நமது கள்ளிக் குருவியும் ஒன்று. உடல் சிறிதாகச் சிறிதாக எடைக்கு விகிதமாக நீரிழப்பு கூடும், எனவே சில மணி நேரத்துக்குள் உயிரிழக்கும் அபாயம் மிகச்சிறிய பறவைகளுக்கே முதலில் வருகிறது.

சாகும் பறவைகளின் பட்டியலில் வந்த அதே வரிக்குதிரைச் சில்லை ஓர் ஆறுதலையும் தருகிறது. அந்த இனத்தின் தாயும் தந்தையும் வெப்பமான நாட்களில், முட்டை பொரியப்போகும் கடைசிச் சில நாட்களில், கூட்டில் அமர்ந்தபடி ஒரு தனி ஒலியை எழுப்புகின்றன. மைலீன் மரியெட்டும் கேத்தரின் புக்கானனும் 2016இல் இதை வெளியிட்டார்கள். முட்டைக்குள் இருந்தபடி அந்த ஒலியைக் கேட்ட குஞ்சுகள், பொரித்தபின் சூடான கூட்டில் சற்று மெல்ல வளர்ந்து சிறிய உடம்போடு நின்றன. சூட்டில் சிறிய உடம்பு வெப்பத்தை எளிதாக வெளிவிடும். வளர்ந்தபின் அவற்றில் பெண்பறவைகள் அதிகக் குஞ்சுகளைப் பொரித்தன. ஒரு பாடும் பறவை தன் குரலாலேயே, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு வானிலைச் செய்தி சொல்கிறது. எலிக்கு வளை எப்படியோ அப்படி இந்தப் பறவைக்குக் குரல் ஒரு காப்பு. வளை அளவுக்கு அது போதுமா என்றால், போதாது. உடம்பைச் சிறிதாக்கிக்கொள்வதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சிறிய உடம்புதான் வெப்ப அலையில் விரைவில் வறண்டுபோகிறது என்று சற்றுமுன் சொன்னேன்.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வழக்கம் இப்போது நகரங்களில் பரவியிருக்கிறது. நல்ல வழக்கம். விதை தின்னும் சிட்டுக்கும் புறாவுக்கும் அது நேரடியாக உதவும். பூச்சி தின்னும் பறவைக்குத் தண்ணீர் வருவது உங்கள் தோட்டத்துப் புழுவிலிருந்தும் வெட்டுக்கிளியிலிருந்தும். மருந்தடித்துப் பூச்சியே இல்லாமல் செய்துவிட்டு மண்சட்டியில் தண்ணீர் மட்டும் வைத்தால் பாதி உதவிதான். அதேபோல, நம் மானாவாரி நிலங்களில் வெள்ளெலி வளைதோண்டி வாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அது கங்காரு எலிக்குச் சொந்தமில்லை. ஆனால் வெயிலுக்கு அதன் விடையும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது.

எலி வென்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் எழுந்து போய்விடக்கூடாது. வளை என்ற காப்புக்கும் எல்லை உண்டு. ட்ரேசியும் வால்ஸ்பெர்க்கும் அரிசோனாவின் மிகச் சூடான பகுதியில் மெரியம் கங்காரு எலியின் வளைகளை மீண்டும் அளந்து 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பழைய ஆய்வுகள் சொன்ன குளிர்ந்த, ஆழமான வளை அங்கே இல்லை. எலிகள் பெரும்பாலும் ஆழம் குறைந்த வளைகளில்தான் கிடந்தன. கோடையில் பல வாரங்களுக்கு வளைக்குள்ளேயே 30 பாகைக்கு மேல் வெப்பம் நிலவியது. செவ்வியல் என்று பாடநூல்கள் கொண்டாடிய கதையைத் திரும்ப அளந்து பார்த்த அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். மேலே வெப்பம் 2 பாகை கூடினால் மண்ணுக்குள்ளும் அது மெல்ல இறங்கும். இறங்கும்போது வளைக்குள் இருக்கும் எலிக்கு வேறு போக்கிடம் இல்லை.

வெப்பம் ஒன்றே ஆபத்தும் இல்லை. அரிசோனாவின் போர்ட்டல் என்ற ஊருக்கு அருகே ஜேம்ஸ் பிரவுன் 1977இல் தொடங்கிய களஆய்வு இன்றும் நடக்கிறது. வேலி கட்டி, அதற்குள் கங்காரு எலிகள் மட்டும் நுழைய முடியாதபடி செய்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் புதர்நிலம் புல்நிலமாக மாறிவிட்டது. நாற்பது கிராம் எடையுள்ள ஒரு விலங்கும் அதன் உறவினங்களும் விதை தின்றும் மண்ணைக் கிளறியுமே ஒரு நிலத்தின் முகத்தைத் தீர்மானிக்கின்றன. அதே இடத்தில் குளிர்கால மழை கூடியபோது புதர்கள் மூன்று மடங்காகப் பெருகின. திறந்த வெளியை நாடும் பெரிய இனமான கொடிவால் கங்காரு எலி அங்கிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. அதை விரட்டியது வெயிலில்லை, மழையும் புதரும்தான். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பெருங்கங்காரு எலிக்கோ வளை தோண்ட நிலமே இல்லாமல் போனது. விளைநிலங்கள் அதை விழுங்கிவிட்டன. 1987 முதல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது.

எனவே மொஹாவியில் எண்ணிய எலிகள் நிலையாக இருக்கின்றன என்பது இன்றுவரையிலான செய்தி. அடுத்த கணக்கெடுப்பில் வளைக்குள்ளும் வெப்பமானி வைத்து அளக்க வேண்டும், விதை விளைச்சலையும் சேர்த்து எழுத வேண்டும், பறவைகளைப் பொறுத்தவரை நீரூற்றுள்ள இடங்களைத் தனியாகப் பேணி எண்ண வேண்டும். கிரின்னலின் குழுவினர் வளைக்குள் வெப்பத்தை அளந்து வைத்திருந்தால் இந்த உரையில் பாதிக்கு இன்னும் உறுதியான எண்கள் கிடைத்திருக்கும். உங்களில் யாராவது அப்படி ஒரு நிலத்தை நம் பக்கத்திலேயே தேர்ந்து, அங்குள்ள வெள்ளெலியையும் வானம்பாடியையும் எண்ணத் தொடங்குவதானால், முதல் ஆண்டிலேயே மண்ணுக்குள்ளும் ஒரு வெப்பமானியைப் புதைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.